மலையேறிய மிட்டாய்ப் பெட்டி

போடியில் எங்கள் வீட்டு அடுப்படி அலமாரியில் ஊதா நிறத் தகரப் பெட்டி ஒன்று இருக்கிறது. மூடியில் சிவப்புச் சட்டை போட்ட பட்டாளத்துக்காரர் ஒருவரும் பழங்காலத் தொப்பி அணிந்த சீமாட்டி ஒருத்தியும் நிற்பார்கள். இருவர் முகமும் தேய்ந்து தகரம் தெரிய ஆரம்பித்து வெகுகாலம் ஆகிறது. திறந்தால் ஏலக்காய் வாசம் குப்பென்று அடிக்கும். நல்ல பச்சைக் காய், எட்டு மில்லிமீட்டருக்குக் குறையாதது. வெளிச்சமும் காற்றும் பட்டால் காய் வெளுத்துவிடும். அதனால் இறுக்கமான மூடியுள்ள எந்தப் பெட்டியையும் எங்கள் ஊரில் தூக்கிப் போட மாட்டார்கள். 1991ல் என் சித்தப்பா துபாயிலிருந்து விடுப்பில் வந்தபோது அந்தப் பெட்டி நிறைய மிட்டாய் இருந்தது.

மஞ்சள், பச்சை, சிவப்பு, ஊதா என்று கண்ணாடித் தாள் சுற்றிய மிட்டாய்கள். தெருப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று, வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு மூன்று. தின்று முடித்ததும் சிவப்புத் தாளைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்த்தோம். மலை முழுக்கத் தீப்பிடித்த மாதிரி இருந்தது. பச்சைத் தாளில் பார்த்தால் வானமே காடு. அப்பத்தா ஒன்றை வாயில் போட்டு முகம் சுளித்தார். "என்னய்யா இது, முட்டாய்னு கொடுத்த, பல்லுல அப்பிக்கிட்டு வரமாட்டேங்குது" என்றார். பிறகு பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், காதருகே வைத்துக் குலுக்கினார். "முட்டாய நீங்களே தின்னுங்க. டப்பா எனக்கு வேணும்" என்று சொல்லி மடியில் வைத்துக்கொண்டார். அவர் ஏன் அந்த டப்பாவை அப்படிக் கேட்டார் என்பது எனக்குப் புரியப் பல வருடம் ஆனது.

பெட்டியின் மேல் எழுதியிருந்த பெயர் 'குவாலிட்டி ஸ்ட்ரீட்'. வளைகுடா போய் வந்தவர்கள் யாரும் அதை அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. 'மேக்கின்டாஷ்' என்பார்கள். அப்பத்தாவுக்கு அது 'சீமை முட்டாய்'. அவர் சொன்னதில் பிழையே இல்லை. துபாய் அதற்கு வழியில் வந்த ஊர்தான். பிறந்த ஊர் இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள ஹாலிஃபாக்ஸ். கம்பளி ஆலைகள் நிறைந்த அந்த ஊரில் 1890ல் ஜான் மேக்கின்டாஷும் அவர் மனைவி வயலட்டும் ஒரு சிறிய பலகாரக் கடை போட்டார்கள். கடித்தால் பல் உடையும் ஆங்கில டாஃபியையும், இளகிக் கிடக்கும் அமெரிக்கக் கேரமலையும் சேர்த்துக் கிண்டி நடுத்தரமாக ஒரு பதத்தைப் பிடித்தார்கள். அது ஆலைத் தொழிலாளிகளுக்குப் பிடித்துப்போய், கடை கம்பெனியாக வளர்ந்தது. 1936ல் அவர்கள் மகன் ஹெரால்டு காலத்தில் இந்தக் கலவைப் பெட்டி வந்தது. ஜே.எம். பேரி எழுதிய ஒரு நாடகத்தின் பெயரை அதற்கு வைத்தார்கள். பட்டாளத்துக்காரரும் சீமாட்டியும் அதன் வழியே மூடிக்கு வந்தவர்கள்.

2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. வரி குறையப்போகும் சரக்குகள் என்று விஸ்கி, கார் என அடுக்கியபோது சாக்லேட்டும் பிஸ்கட்டும் அந்தப் பேச்சில் வந்தன. செய்தியைப் படித்த அன்றே எனக்கு அப்பத்தாவின் டப்பாதான் ஞாபகம் வந்தது. இந்த மலைச்சரிவுக்குச் சீமை மிட்டாய் எப்படி வந்தது, யார் சுமந்து வந்தார்கள், இன்றைக்குத் தேடினால் எங்கே கிடைக்கிறது என்று பார்க்கத் தோன்றியது.

சீமைச் சரக்கு

சீமை என்றால் எல்லை, நாடு என்றுதான் பழைய பொருள். வெள்ளைக்காரர் காலத்தில் அது கடல் கடந்த நாட்டைக் குறிக்க ஆரம்பித்து, பெரும்பாலும் இங்கிலாந்தாகவே ஆகிவிட்டது. கப்பலில் வந்ததெல்லாம் சீமைச் சரக்கு. மண்ணெண்ணெய் சீமை எண்ணெய், கரும்பலகையில் எழுதுவது சீமைச் சுண்ணாம்பு, சௌசௌ சீமைக் கத்தரிக்காய், கண்மாயெல்லாம் மண்டிக் கிடப்பது சீமைக் கருவேலம். இதில் பாதி சரக்கு இங்கிலாந்தைப் பார்த்ததே இல்லை. கொங்குப் பக்கம் வெள்ளைச் சர்க்கரையை இன்றும் 'அஸ்கா' என்கிற பெரியவர்கள் உண்டு. அது அன்றைய மதராஸ் மாகாணத்துக் கஞ்சம் மாவட்டத்தில், வெள்ளைக்காரர் சர்க்கரை ஆலை வைத்திருந்த ஊரின் பெயர். மிட்டாய் என்ற சொல்லே வடக்கிலிருந்து நம்மிடம் வந்து சேர்ந்தது. தெற்கே நாங்கள் அதை முட்டாய் ஆக்கி எங்களுடையதாக்கிக் கொண்டோம்.

சரி, மலைக்குப் போவோம். கொட்டகுடி, குரங்கணி பக்கம் போய்ப் பாருங்கள். கொட்டகுடிக்கு 'பாட்டம் ஸ்டேஷன்' என்று ஒரு பெயர் உண்டு. மலையேறும் ஒத்தையடிப் பாதையில் 'சென்ட்ரல் ஸ்டேஷன்' வரும். உச்சியில் 'டாப் ஸ்டேஷன்', அது மூணாறு பக்கம். மூன்றிலும் ரயில் கிடையாது. பெயரை விட்டுவிட்டுப் போனது ஒரு கம்பி வழி.

1877ல் பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றவர் ஜான் டேனியல் மன்றோ. திருவிதாங்கூர் அரசுக்கு ஏலமலைகளின் சூப்பரின்டெண்டாக இருந்தவர். பல பயிர்களை நட்டுப் பார்த்துவிட்டு கடைசியில் தேயிலை நிலைத்தது. விளைந்த தேயிலையை வெளியே கொண்டுபோக வழி வேண்டுமே. 1902ல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாள வண்டி போட்டார்கள். 1908ல் அது இரண்டடி அகலக் குட்டி ரயிலாக மாறியது. டாப் ஸ்டேஷனிலிருந்து கீழே கொட்டகுடிக்கு ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டருக்கு அந்தரத்தில் கம்பி கட்டி, தேயிலைப் பெட்டிகளை அதில் தொங்கவிட்டு இறக்கினார்கள். கொட்டகுடியிலிருந்து போடிக்குப் பதினைந்து கிலோமீட்டர் மாட்டு வண்டி. 1928 நவம்பரில் மதுரை–போடி ரயில்பாதை திறக்கும்வரை போடியிலும் ரயில் இல்லை. வண்டிகள் அம்மையநாயக்கனூர் ஸ்டேஷன்வரை உருண்டன. அப்புறம் ரயில், துறைமுகம், கப்பல், இங்கிலாந்து. 1924 ஜூலையில் பெருவெள்ளம் வந்து மூணாறையே புரட்டிப் போட்டபோது குட்டி ரயில் அடித்துக்கொண்டு போய்விட்டது. அதன் சக்கரம் ஒன்று மூணாறு தேயிலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போனால் அதன் முன் கொஞ்சம் நில்லுங்கள்.

இறங்கிய வழியிலேயேதான் சரக்கு ஏறவும் செய்தது. எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளியவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டுச் சனம். அவர்கள் தின்ற அரிசி கீழ்நாட்டிலிருந்து போனது. துரைமார் பங்களாக்களுக்கு வேண்டியதும் போனது. அந்தக் காலத்துத் துரைமாருக்கு வீட்டுச் சாமான் வாங்க இரண்டு பெரிய வாசல்கள். ஒன்று, மதராஸ் மவுண்ட் ரோட்டில் கடை வைத்து ரயில்வே சாப்பாட்டு அறைகள்வரை நடத்திய ஸ்பென்சர். மற்றது, லண்டனில் தொடங்கி 1891ல் பம்பாயிலும் 1901ல் கல்கத்தாவிலும் கிளை திறந்த ஆர்மி அண்டு நேவி ஸ்டோர்ஸ். தடிமனான விலைப்பட்டியல் புத்தகத்தைப் பார்த்துத் தபாலில் எழுதினால் பெட்டி கட்டி அனுப்பிவிடுவார்கள். ரெடிங் நகரத்து ஹன்ட்லி அண்டு பாமர்ஸ் பிஸ்கட் டப்பா போகாத பிரிட்டிஷ் காலனியே கிடையாது என்று சொல்லிவிடலாம்.

என் அப்பத்தாவின் அப்பா சுமை தூக்கியவர். கம்பி எட்டாத எஸ்டேட்டுகளுக்குத் தலைச்சுமைதான். சாக்குத் துணியைச் சும்மாடாகச் சுருட்டி வைத்து, விடிவதற்கு முன்னால் ஏற ஆரம்பித்தால் வெயில் உச்சிக்கு வருவதற்குள் மேலே போய்ச் சேரலாம். அரிசி மூட்டை கனம். ஆனால் அதைப் போட்டு உட்கார்ந்து இளைப்பாறலாம். 'துரை சாமான்' அப்படி இல்லை. கீழே வைத்தால் நசுங்கும், நனைந்தால் கூலி பிடிப்பார்கள். "ஒரு தகர டப்பா இருக்குமாம். நடக்க நடக்க உள்ளாற கலகலன்னு சத்தம் கேக்குமாம். மல ஏறி முடிக்கிற வரைக்கும் அந்தச் சத்தந்தான் தொண. என்ன இருந்துச்சுன்னு அவருக்குத் தெரியாது. முட்டாய்னு பட்லர் சொன்னாராம்." இதை அப்பத்தா என்னிடம் சொன்னபோது எனக்கு வயது இருபதைத் தாண்டியிருந்தது. ஊதா டப்பாவை அவர் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

எது மலையேறும், எது உருகும்

கலகலத்தது என்றால் அது சாக்லேட் இல்லை. சாக்லேட்டின் உடம்பு கோகோ வெண்ணெய். முப்பது டிகிரியைத் தொடும்போதே இளகி, முப்பத்து நான்கு டிகிரி அளவில் உருகிவிடும். வாயில் வைத்ததும் கரைவது அதனால்தான். போடியின் சித்திரை வெயிலுக்கு அது தாங்காது. வேடிக்கை என்னவென்றால், போடியில் உருகிய சாக்லேட் பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறிப் போடிமெட்டுக்குப் போனதும் குளிரில் மறுபடி இறுகும். இறுகும்போது கொழுப்பு மேலே வந்து சாம்பல் பூத்த மாதிரி வெள்ளை படியும். கெட்டுப்போகவில்லை, ஆனால் பார்க்கப் பிடிக்காது. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் இந்த வழியாகப் பத்திரமாக மேலே போகக்கூடியது கல் மாதிரி இருக்கும் பாகு மிட்டாய்தான். அதற்கும் ஒரு பகை உண்டு. பாகு மிட்டாயில் ஈரம் மிகக் குறைவு. காற்றில் ஈரம் இருந்தால் உறிஞ்சிப் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தென்மேற்குப் பருவமழை பிடித்தால் மூணாறில் துணியே வாரக்கணக்கில் காயாது. ஆகவே தகரம், இறுக்கமான மூடி. ஏலக்காய்க்கும் அந்த மிட்டாய்க்கும் வேண்டியது ஒரே மாதிரிப் பெட்டி.

அந்தப் பாகு மிட்டாயைச் செய்யும் விதம் இன்னும் மாறவில்லை. சர்க்கரைப் பாகை 150 டிகிரி அளவுக்குக் காய்ச்சினால் தண்ணீர் அநேகமாக எல்லாம் போய்விடும். ஆறும்போது மறுபடி சர்க்கரையாகப் பூத்துவிடாமல் இருக்கக் கொஞ்சம் குளுக்கோஸ் பாகோ, புளிப்போ சேர்க்க வேண்டும். எண்ணெய் தடவிய கல்லில் ஊற்றி, வண்ணமும் வாசனையும் பிசைந்து, கை பொறுக்கும் சூட்டில் கயிறாக இழுத்து, குழி வெட்டிய இரண்டு பித்தளை உருளைகளுக்கு நடுவே விட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் மிட்டாய் மணி மணியாக விழும். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இந்த உருளைகள் ஊர் ஊராகப் பரவின. பதம் பார்ப்பது நம் வீடுகளிலும் தெரிந்த வித்தைதான். கடலை மிட்டாய்க்கு வெல்லப் பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, இறுகியதை எடுத்துப் பாத்திரத்தில் போட்டால் 'டங்' என்று சத்தம் வர வேண்டும். அந்த 'டங்'தான் ஆங்கிலேயர் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்த பதத்துக்கு நம் வீட்டு அடையாளம்.

மிட்டாய் என்றால் சர்க்கரை. இங்கிலாந்தில் கரும்பு விளையாது. 1874ல் அங்கே சர்க்கரை மீதான வரியை அடியோடு எடுத்தார்கள். அதன்பிறகுதான் மிட்டாய் ஆலைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் அரைக்காசுக்குக் கிடைத்தது. அந்தச் சர்க்கரையில் பெரும்பங்கு ஐரோப்பாவின் கிழங்குச் சர்க்கரை. மீதி கரும்புத் தீவுகளிலிருந்து வந்தது. அங்கே முதலில் ஆப்பிரிக்க அடிமைகள் வெட்டினார்கள். 1830களில் அடிமை முறை ஒழிந்தபின் அந்த இடத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் நம் ஆட்களும் உண்டு. மொரீஷியஸ், நேட்டால், கயானா, பிஜி. 1860 நவம்பர் 16 அன்று நேட்டாலின் டர்பனில் கரையிறங்கிய முதல் கூலிக் கப்பல் 'ட்ரூரோ' மதராஸிலிருந்து கிளம்பியது. கொட்டகுடிச் சரிவில் ஒருவர் தலையில் கலகலத்த டப்பாவுக்குப் பின்னால் இத்தனை பேர் முதுகு இருந்தது. இதை எழுதும்போது எனக்கு ஆத்திரம் வராமல் இல்லை. அதே சமயம், ஹாலிஃபாக்ஸ் ஆலைத் தொழிலாளியின் பிள்ளை சனிக்கிழமைக் கூலிக்காசில் ஒரு டாஃபி வாங்கித் தின்ற சந்தோஷத்தையும் என்னால் மறுக்க முடியவில்லை.

நம் பெட்டிக் கடைக்கு வந்தது

கப்பலில் வந்த மிட்டாய் கொஞ்ச நாளில் இங்கேயே பிறக்க ஆரம்பித்தது. தாமஸ் பாரி 1788ல் மதராஸ் வந்தவர்; சென்னை பாரிமுனைக்குப் பெயர் கொடுத்த வணிகர். அவர் தொடங்கிய நிறுவனம் 1842ல் கடலூர் பக்கம் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை வைத்தது. 1914ல் அதே நெல்லிக்குப்பத்தில் பாரீஸ் மிட்டாய் பிறந்தது. வெள்ளைக்காரர் பெயர், வெள்ளைக்காரர் செய்முறை, தென்னாற்காட்டுக் கரும்பு. 2004ல் அது கொரியாவின் லோட்டே கம்பெனிக்குக் கைமாறியது. பம்பாயில் 1929ல் வீலே பார்லேயில் தொடங்கிய பார்லே கம்பெனி, சுதேசி உணர்வோடு சொந்தமாக ஆரஞ்சு மிட்டாய் செய்யத்தான் முதலில் அடுப்பு மூட்டியது. பிஸ்கட் பிறகுதான் வந்தது. சீமை மிட்டாயை வேண்டாம் என்றவர்கள் சீமை மிட்டாயின் முறையையே எடுத்து நம் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். என் பள்ளிக்கூட வாசலில் கிடைத்த ஆரஞ்சு மிட்டாயின் சுளை வடிவம், சூட மிட்டாயின் சில்லென்ற புதினா வாசம், இரண்டும் இங்கிலாந்துக் கடை ஜாடிகளில் இருந்தவைதான். சீரகத்துக்குச் சர்க்கரை போர்த்திய பல்லி மிட்டாய்க்கும் அங்கே ஒரு பங்காளி உண்டு. ஆனால் கமர்கட்டும் தேன் மிட்டாயும் சவ்வு மிட்டாயும் நம்முடையவை. அவற்றுக்கு அங்கே ஜோடி கிடையாது. சவ்வு மிட்டாயைக் கைக்கடிகாரமாகக் கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போன சுகத்தை எந்த ஊதா டப்பாவும் எனக்குத் தந்ததில்லை.

போர் வந்தது. 1942 ஜூலையில் இங்கிலாந்தில் மிட்டாய்க்கும் ரேஷன் போட்டார்கள். நடுவே 1949ல் சில மாதம் தளர்த்திப் பார்த்தார்கள். கடைகள் காலியாகி மறுபடி ரேஷன். 1953 பிப்ரவரி 5 அன்றுதான் அது நீங்கியது. பிள்ளைகள் உண்டியலோடு கடை வாசலில் வரிசை கட்டினார்கள். இங்கே நம் மதுரை–போடி ரயிலும் போர்க்காலத்தில் நின்றுபோய் 1950களில்தான் திரும்ப ஓடியது. அந்த ஊர்ப் பிள்ளைக்கு மிட்டாய் இல்லாத வருடங்களும் எங்கள் ஊருக்கு ரயில் இல்லாத வருடங்களும் அநேகமாக ஒன்றே.

சுதந்திரத்துக்குப் பிறகு 1948ல் கேட்பரி இந்தியாவில் கம்பெனி பதிவு செய்து, முதலில் இறக்குமதி சாக்லேட்டை விற்றது. பிறகு இங்கேயே ஆலை வைத்தது. 1965 வாக்கில் கேரளத்தில் கோகோ நடச் சொல்லி விவசாயிகளை ஊக்கப்படுத்தியது. இன்றைக்கு இடுக்கி மாவட்டத்தில் ஏலமும் மிளகும் போல கோகோவும் ஒரு பயிர். ஆனால் டப்பாவில் வரும் அயல்நாட்டு மிட்டாய்க்கு இறக்குமதிக் கட்டுப்பாடு என்ற பூட்டு விழுந்தது. அது முழுதாகத் திறக்க 2001 ஏப்ரல் ஆனது. இடைப்பட்ட நாற்பது, ஐம்பது வருடம் சீமை மிட்டாய் நம் வீட்டுக்கு வந்தது கடை வழியாக அல்ல, ஆள் வழியாக. பர்மாவிலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்காக 1969ல் அமைந்த சென்னை பர்மா பஜாரில் கிடைத்தது. அதைவிட, துபாய், குவைத், சவூதி என்று கொத்து வேலைக்கும் டிரைவர் வேலைக்கும் போனவர்களின் பெட்டியில் வந்தது. கோடாலித் தைலம், டேங் பொடி, செண்ட் பாட்டில், மேக்கின்டாஷ் டப்பா. சித்தப்பா இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வருவார். ஊதா டப்பா அவருடைய எத்தனை நாள் கூலி என்று நாங்கள் கேட்டதில்லை.

தேடிப் போனது

இந்தக் கட்டுரைக்காக முதலில் போடி பஜாரிலேயே தேடினேன். "ஃபாரின் மிட்டாய் இருக்கா அண்ணாச்சி?" என்றால் இத்தாலிக் கம்பெனி முட்டையையும் அமெரிக்கக் கடலைச் சாக்லேட்டையும் எடுத்து நீட்டுகிறார்கள். "சீமை மிட்டாய்?" என்றேன். கடைக்காரர் சிரித்துவிட்டார். ஆனால் அவர் தலைக்கு மேலே தொங்கிய சரத்தில் போலோ இருந்தது. நடுவில் ஓட்டை போட்ட அந்தப் புதினா மிட்டாய் 1948ல் யார்க் நகரத்து ரவுன்ட்ரீ ஆலையில் பிறந்தது. பக்கத்தில் கிட்கேட், அதே ஆலையில் 1935ல் வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் டெய்ரி மில்க், 1905ல் பர்மிங்ஹாம் பக்கத்துப் போர்ன்வில் கிராமத்துச் சரக்கு. மூன்றும் இப்போது இந்தியத் தயாரிப்பு. இவை ஊர்க்காரர்களாகி வெகுநாள் ஆனதால் யாரும் அயல்நாடு என்று நினைப்பதில்லை.

மதுரையில் பெரிய கடைகளில் ஒரு தட்டு நிறைய இறக்குமதிச் சரக்கு அடுக்கியிருந்தார்கள். ஸ்காட்லாந்து வெண்ணெய் பிஸ்கட், கட்டம் போட்ட சிவப்புப் பெட்டியில். பழ மிட்டாய் டப்பா ஒன்றின் பெயர் இங்கிலாந்துடையது, தயாரிப்பு இந்தோனேசியா. வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டப்பாவின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் இறக்குமதியாளர் முகவரிச் சீட்டைப் பாருங்கள்; சட்டப்படி அது இருக்க வேண்டும். சைவக்காரர்கள் பச்சை, பழுப்புக் குறியையும் பாருங்கள். ஆங்கிலேயரின் சவ்வு மிட்டாய் வகைகள் பலவற்றில் மாட்டின், பன்றியின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் சேரும். நம் ஊர்ச் சவ்வு மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டுவிட்டு வருந்தியவர்களை எனக்குத் தெரியும்.

மூணாறு பஜாரில் 'ஹோம்மேட் சாக்லேட்' விற்காத தெருவே இல்லை. குளிர் இருப்பதால் அங்கே சாக்லேட் கண்ணாடிப் பெட்டியில் கம்பீரமாக நிற்கிறது. துரைமார் போய்விட்டார்கள், 1894ல் காலராவில் இறந்து மலைமேல் புதைக்கப்பட்ட எலினோர் நைட் என்ற இளம் துரைசானியின் கல்லறையும், அதன் கீழே பின்னால் எழுந்த கிறைஸ்ட் சர்ச்சும் இருக்கின்றன. தாத்தா, பாட்டி பெயரைத் தேடி இங்கிலாந்திலிருந்து இன்றும் ஆட்கள் வருகிறார்கள். வரும்போது அவர்கள் கையில் என்ன மிட்டாய் கொண்டு வருவார்களோ, அதுவும் கொஞ்சம் இந்தக் காற்றில் கலந்துவிட்டுத்தான் போகிறது.

உண்மையான பதில் எனக்கு லண்டனிலிருந்து வந்தது. சித்தப்பாவின் பேத்தி ஈஸ்ட் ஹாமில் தங்கிப் படிக்கிறாள். தங்கியிருக்கும் அறைக்குக் கீழே யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் கடை. 1983 கலவரத்துக்குப் பிறகு போய்ச் சேர்ந்த இலங்கைத் தமிழர்கள் லண்டனில் தெருமுனைக் கடைகளையும் பெட்ரோல் நிலையங்களையும் எடுத்து நடத்துவது ஊரறிந்த விஷயம். இங்கிலாந்துப் பிள்ளைகள் பள்ளிவிட்டு மிட்டாய் வாங்குகிற கல்லாவுக்குப் பின்னால் நிற்பது பல இடங்களில் தமிழர்தான். "பெரியப்பா, கடை அண்ணை சொல்றார், வெள்ளைக்காரப் பாட்டிங்க வந்து சின்ன வயசுல தின்ன புளிப்பு மிட்டாய் இருக்கான்னு கேப்பாங்களாம். அவரு தேடிப் பிடிச்சு வாங்கி வைப்பாராம். ஆனா அவருக்கு அவரோட ஊர்த் தோடம்பழ இனிப்புதான் வேணுமாம்" என்றாள் போனில். தோடம்பழம் என்றால் ஆரஞ்சு. இலங்கையில் மிட்டாயை இனிப்பு என்பார்கள். நம் ஆரஞ்சு மிட்டாய்க்கு அங்கே அந்தப் பெயர்.

போன விடுப்பில் அவள் வந்தாள். சென்னையிலிருந்து போடிக்கு 2023 ஜூனில் விட்ட அகலப்பாதை ரயிலில் காலையில் வந்து இறங்கினாள். பையைத் திறந்தால் சாக்லேட் எல்லாம் கூழாகி உறையோடு ஒட்டியிருந்தது. அலுங்காமல் வந்து சேர்ந்தது எலுமிச்சைப் புளிப்பு மிட்டாய் மட்டும். நடுவில் நாக்கில் பொரியும் சோடாத் தூள் வைத்தது. மேக்கின்டாஷும் கொண்டு வந்திருந்தாள். பெட்டி இப்போது பிளாஸ்டிக் வாளி. 2022லிருந்து மிட்டாய்களுக்குப் பெரும்பாலும் மெழுகுத்தாள் சுற்றுகிறார்கள், மண்ணுக்கு நல்லதுதான். எங்கள் வீட்டுச் சின்னவன் ஒன்றைப் பிரித்துத் தாளை என்னிடம் கொடுத்தான். பழக்கத்தில் கண்ணில் வைத்துப் பார்த்தேன். மலை தெரியவில்லை.

திரும்பிப் போகும்போது அவளுக்கு அரைக் கிலோ ஏலக்காய் வேண்டும் என்றாள், கடைக்கார அண்ணை கேட்டாராம். லண்டனில் கிடைப்பது குவாத்தமாலாக் காய், வாசம் போதவில்லையாம். ஊதா டப்பாவை இறக்கினேன்.

அப்பத்தா இருந்தவரை ஒவ்வொரு எடுப்பிலும் புதுக் காய் வந்ததும் அதில் கொட்டி மூடி, காதருகே வைத்துக் குலுக்குவார். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் சரியாக உலர்ந்த காய் கலகலவென்று சத்தம் கொடுக்கும், ஈரம் இருந்தால் கொடுக்காது. சோதித்துப் பார்க்க இரண்டு குலுக்கல் போதும். அவர் நிறுத்தாமல் குலுக்கிக்கொண்டே, ஜன்னல் வழியாகக் கொட்டகுடிப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.